டீப் பர்ப்பிளின் ‘ஃபயர்பால்’: எங்கள் வளவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவில் (வானம் திறந்த நடுமுற்றத்தில்) மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு எல்பி இசைத்தட்டை முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் கேட்கிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். காரைக்குடியில் படிக்கிற பிள்ளைகள், மிருதங்கம் வாசிக்கும் ஒரு அண்ணன், கிதார் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன். எங்கள் ஆத்தா, அதாவது அம்மா, உள்ளே வேலையாக இருந்தபடியே கேட்பார். இதுவரை போட்டதில் அதிகம் கேள்வி கிளப்பியது ‘ஃபயர்பால்’தான். மலேசியாவில் வேலை பார்த்த என் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) எழுபதுகளில் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தட்டு அது. ஒவ்வொரு தடவையும் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது யாருடைய ஆல்பம்? எப்போது வந்தது?

டீப் பர்ப்பிள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹார்ட் ராக் குழு. ‘ஃபயர்பால்’ 1971இல் வந்தது. அமெரிக்காவில் ஜூலையில், இங்கிலாந்தில் செப்டம்பரில். குழுவில் ஐந்து பேர்: கிதார் ரிச்சி பிளாக்மோர், பாட்டு இயன் கில்லன், பேஸ் கிதார் ரோஜர் குளோவர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பெய்ஸ். எல்லாப் பாட்டையும் ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதாகவே பெயர் போட்டிருக்கிறார்கள். மொத்தம் ஏழு பாட்டு, நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இங்கிலாந்து ஆல்பம் பட்டியலில் அவர்கள் முதன்முதலாக முதலிடம் பிடித்தது இதில்தான்.

இதற்கு முன்னால் 1970இல் ‘இன் ராக்’. பின்னால் 1972இல் ‘மெஷின் ஹெட்’. இரண்டு பெரிய மலைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தட்டு இது. அதனால்தான் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

“வாசிப்பு அபாரம், பாட்டுதான் ஏற்ற இறக்கம்” என்று சொல்கிறீர்கள். வாசிப்பு நன்றாக இருந்தால் பாட்டும் நன்றாகத்தானே இருக்கும்?

இல்லை. இந்தத் தட்டைப் போடுவதற்கே அதுதான் காரணம்.

வாசிப்பு என்பது கை. பாட்டு என்பது ஒரு யோசனை எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, எதற்காக மறுபடி வருகிறது என்ற முடிவு. நம் ஊர்க் கச்சேரியிலும் இது உண்டு. சாதாரணமான ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு நிரவலிலும் ஸ்வரத்திலும் நம்மைக் கட்டிப்போடுகிற வித்வான்களைக் கேட்டிருக்கிறோம். வீட்டுக்குப் போகும்போது அந்தக் கை நினைவில் இருக்கும், கீர்த்தனை இருக்காது.

‘ஃபயர்பால்’ பாதிக்கு மேல் அப்படித்தான். ஐந்து பேரும் அந்த நாளில் உச்சத்தில் இருந்தார்கள். எந்த இடத்திலும் யாரும் தாளத்தில் தளரவில்லை, யாரும் யாரையும் மறைக்கவில்லை. ஆனால் ஏழு பாட்டில் மூன்றைத்தான் முழுசாக முடிந்த பாட்டு என்று சொல்வேன். மற்றவற்றில் ஒரு நல்ல ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு) கிடைத்திருக்கிறது, அதன் மேல் ஏறி நின்று பிரமாதமாக வாசித்திருக்கிறார்கள், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி முதலுக்கே வந்திருக்கிறார்கள். கை அவ்வளவு நன்றாக இருப்பதால் முதல் இரண்டு மூன்று தடவை கேட்கும்போது இந்தக் குறை தெரியாது. ஐந்தாவது தடவை தெரியும்.

ஏன் அப்படி ஆயிற்று? அவர்களுக்குப் பாட்டு எழுதத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். நேரம்தான் இல்லை.

‘இன் ராக்’ பெரிதாக ஓடியதும் ஊர் ஊராகக் கச்சேரிக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அந்த இடைவெளிகளில் கிடைத்த நாட்களில்தான் ‘ஃபயர்பால்’ பதிவானது: 1970 செப்டம்பரில் தொடங்கி 1971 ஜூன் வரை இழுத்தது. ஒன்பது மாதம் என்று கேட்டால் நிறைய நேரம் மாதிரி இருக்கும். ஆனால் அது துண்டு துண்டான ஒன்பது மாதம். பாட்டை ஸ்டுடியோவிலேயே அவசரமாக உருவாக்க வேண்டி வந்ததில் பிளாக்மோருக்குத் திருப்தி இல்லை. கில்லனோ இதைத் தனக்குப் பிடித்த ஆல்பங்களில் ஒன்றாகவே சொல்லி வந்திருக்கிறார். இருவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. புது வழிகளைத் தேடியதில் கில்லனுக்குச் சந்தோஷம். தேடியதை முடிக்கவில்லை என்பதில் பிளாக்மோருக்குக் குறை.

முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பாருங்கள். ‘இன் ராக்’கில் உள்ள ‘சைல்ட் இன் டைம்’, ‘ஸ்பீட் கிங்’ இரண்டையும் பதிவு செய்வதற்கு முன்பே 1969இலிருந்து மேடையில் வாசித்துவிட்டார்கள். ‘மெஷின் ஹெட்’டின் ‘ஹைவே ஸ்டார்’ 1971 செப்டம்பரில் கச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் பிறந்தது. உடனே மேடைக்குப் போனது, டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவில் பதிவானது. அந்த ஆல்பத்துக்கு ஸ்டுடியோவில் மூன்று வாரம்கூட முழுசாக ஆகவில்லை. ஆனால் ‘ஹைவே ஸ்டார்’ முன்பே மேடையில் அடிபட்டு வந்திருந்தது. எந்த இடத்தில் கூட்டம் சலிக்கிறது, எந்த இடத்தை நீட்டலாம் என்று வாசிப்பவனுக்கு அதற்குள் தெரிந்துவிடும்.

நம் பக்கத்துச் சுவர்ப் பூச்சை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, ஒரு பூச்சு இறுகின பிறகு அடுத்தது என்று பல பூச்சு பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். ஊறுகிற நாளைக் குறைத்தால் எவ்வளவு கைதேர்ந்த கொத்தனாரும் ஒன்றும் செய்ய முடியாது. மினுக்கு வரும், கொஞ்ச நாளில் விரிசலும் வரும். ‘ஃபயர்பால்’ பாட்டுகள் பலவும் அப்படி ஊறாத சுண்ணாம்பு.

ஏழு பாட்டையும் பற்றிச் சொல்லுங்களேன்.

சரி. எங்கள் தட்டில் உள்ள வரிசைப்படி.

‘ஃபயர்பால்’, மூன்றரை நிமிடம்கூட இல்லை. ஆல்பத்தின் மிக இறுக்கமான பாட்டு. வழக்கமாகக் கிதார் சோலோ வரவேண்டிய இடத்தில் பேஸ் கிதார் தனியாக நாலு வார்த்தை பேசுகிறது, அதைத் தொடர்ந்து ஆர்கன் பாய்கிறது. பிளாக்மோர் தன் முறையை விட்டுக்கொடுத்திருக்கிறார். பெய்ஸ் எப்போதும் காலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம் ஒன்றே ஒன்றுதான் வைத்து வாசிப்பவர். இதற்கு மட்டும் இரண்டு வைத்தார்.

‘நோ நோ நோ’, ஏறக்குறைய ஏழு நிமிடம். பேஸும் டிரம்ஸும் சேர்ந்து போடுகிற நடை அவ்வளவு சுகம். ஆனால் நாலாவது நிமிடத்திலேயே சொல்ல வேண்டியது முடிந்துவிடுகிறது.

‘டீமன்ஸ் ஐ’ அடக்கமாக, ஆடி ஆடி வரும் ப்ளூஸ். யாரும் அதிகம் பேசாத பாட்டு. நான் இதை முடிந்த பாட்டுகளில் சேர்ப்பேன். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இருக்கிறது.

‘எனிஒன்ஸ் டாட்டர்’ பற்றிக் கடைசியில் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் ஒரு வேடிக்கைக் கதை; பிளாக்மோரின் விரல் சுத்தம், லார்டின் பியானோ துள்ளல். வாசிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்த ஆல்பத்தில் இதற்கு என்ன வேலை என்பதுதான் கேள்வி.

தட்டைத் திருப்பினால் ‘தி மியூல்’. வரிகள் மிகக் கொஞ்சம். கீழே டிரம்ஸ் ஒரே உருட்டாக உருண்டுகொண்டே இருக்க, மேலே கிதாரும் ஆர்கனும் மாறி மாறி வருகின்றன. பாட்டு என்று பார்த்தால் பாதி. வாசிப்பு என்று பார்த்தால் கண் இமைக்க முடியாது.

‘ஃபூல்ஸ்’, எட்டு நிமிடத்துக்கு மேல். நான் அதிகம் திரும்பக் கேட்பது இதைத்தான். பேசுகிற குரலில் மெதுவாக ஆரம்பிக்கும். நாம் காதைக் கிட்டே கொண்டுபோகும்போது மொத்தக் குழுவும் ஒரே அடியாக இறங்கும். நடுவில் எல்லாம் அடங்கி, டிரம்ஸ் மட்டும் மெல்ல நடந்துகொண்டிருக்க, எங்கிருந்தோ வில் போட்டு இழுத்த மாதிரி ஒரு ஒலி எழும்பும். முதல் தடவை கேட்டபோது கிதார் பையன் அதை செல்லோ என்றே நினைத்தான். அது கிதார்தான். ஒலி அளவுத் திருகை முழுசாக மூடிவிட்டுத் தந்தியை மீட்டுவது, மீட்டிய அடி கேட்காதபடி உடனே சுண்டுவிரலால் திருகைத் திறப்பது. மீட்டின சத்தம் இல்லாமல் நாதம் மட்டும் மலர்ந்து வரும். பிளாக்மோர் வாசித்த ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரில் அந்தத் திருகு தந்திக்குப் பக்கத்திலேயே இருப்பதால் விரல் எட்டுகிறது. சொல்லச் சுலபம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதைச் செய்து, தாளத்திலும் நிற்க வேண்டும்.

அப்படியொரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபிறகு பாட்டு என்ன செய்கிறது? மறுபடி பழைய அடிக்கே வந்து, சொன்னதையே சொல்லி முடித்துக்கொள்கிறது. அந்த நடுப்பகுதி நம்மை மாற்றிவிடுகிறது, பாட்டை மாற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னும் ஆறு மாதம் மேடையில் வாசித்துவிட்டுப் பதிவு செய்திருந்தால் இது அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டாக ஆகியிருக்கும் என்று நம்புகிறேன்.

‘நோ ஒன் கேம்’ முடிந்த பாட்டு, மூன்றாவது. நாளைக்கு மேடையேறினால் யாருமே வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் விஷயம். கில்லன் பாதி பாடி பாதி பேசுகிறார். கடைசியில் பியானோவைத் தலைகீழாக ஓட்டிய ஒலி. முதலிடம் பிடித்த ஆல்பத்தில் இப்படி ஒரு பாட்டு இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல் பாட்டுத் தொடங்குவதற்கு முன் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, ஊசி கெட்டுப்போயிருக்கிறதா?

ஊசி நன்றாக இருக்கிறது. அது ஸ்டுடியோவில் இருந்த ஏ.சி. எந்திரத்தை ஆன் செய்த சத்தம். அதையே பதிவு செய்து பாட்டின் தலையில் ஒட்டிவிட்டார்கள்.

மிருதங்கம் வாசிக்கிறவர்கள் இந்த டிரம்ஸில் என்ன கேட்க வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டவர் மிருதங்க அண்ணன். அவருக்கு மிருதங்க வித்வான் காரைக்குடி மணி என்றால் உயிர்.

மணி காரைக்குடியில் பிறந்தவர், 1945இல். (பிளாக்மோர், கில்லன், குளோவர் மூவரும் அதே 1945தான். இதைக் கவனித்த நாளிலிருந்து இந்த இரண்டு உலகமும் எனக்கு ஒரே தலைமுறையாகத்தான் தெரிகிறது.) 2023இல் காலமாகும்வரை லயத்தையே தனிக் கச்சேரியாக முன்வைத்தவர், ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவோடு சேர்ந்தும் வாசித்திருக்கிறார். எவ்வளவு வேகத்திலும் அவருடைய ஒவ்வொரு சொல்லும் தனியாகக் காதில் விழும், சொற்களுக்கு நடுவிலுள்ள மௌனமும் விழும்.

இயன் பெய்ஸிடம் அதே தெளிவைத் தேடுங்கள். ‘தி மியூல்’ போட்டால் முதலில் கிதாரை மறந்துவிட்டு ஸ்னேர் டிரம்மை மட்டும் கேளுங்கள். உருட்டலுக்குள் ஒரு அடிகூடக் குழையாது. இடது கைக்காரர் என்பதால் டிரம்ஸ் முழுவதையும் வலம் இடமாக மாற்றி வைத்து வாசிப்பவர். இந்த ஆல்பம் வரும்போது வயது 23.

வித்தியாசமும் பெரிசு. தனி ஆவர்த்தனத்தில் கணக்கு ஒரு இடத்தை நோக்கிப் போகும். மோரா, கோர்வை என்று முடிப்புக்கான தாளக் கோப்புகளைக் கட்டி, சரியான இடத்தில் வந்து விழும்போது நாம் தலையாட்டுகிறோம். ‘தி மியூல்’ டிரம்ஸுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. சுழல் மாதிரி ஒரே இடத்தில் சுற்றி நம்மை மயக்குவதுதான் அதன் வேலை. அண்ணனுக்கு இது கடைசி வரை ஒப்பவில்லை. “எங்க வந்து இறங்குறதுன்னு முடிவு பண்ணாம ஏறிட்டாரு” என்றார். இந்த ஆல்பத்தின் குறையை அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் அதே பாட்டை மேடையில் கேளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். 1972 ஆகஸ்டில் ஜப்பானில் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ கச்சேரித் தட்டில் ‘தி மியூல்’ பெய்ஸின் நீண்ட தனியாகவே விரிகிறது. ஒரு வருஷ மேடை அனுபவம் அந்தப் பாட்டுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டது. ‘ஃபயர்பால்’ ஏழு பாட்டில் அந்தத் தட்டில் இடம் பிடித்தது இது ஒன்றுதான்.

பல இடத்தில் ஆர்கன் எது, கிதார் எது என்றே தெரியவில்லை. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும்தான். ஹேமண்ட் ஆர்கனை வழக்கமாகச் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக வாசிப்பார்கள். ஜான் லார்ட் அதைக் கிதார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தார். அதனால் ஆர்கனுக்கும் கிதார் மாதிரி ஒரு கரகரப்பு, ஒரு கடி வந்துவிட்டது. லார்ட் மேற்கத்தியச் சாஸ்திரிய இசை கற்றவர். 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தன் குழுவையும் முழு ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்து ஒரு கன்செர்டோவையே எழுதி மேடையேற்றினார். பிரித்தறிய ஒரு வழி: ஸ்வரம் தேயாமல் நீண்டு நின்றால் பெரும்பாலும் ஆர்கன், வளைந்து அழுதால் கிதார்.

ஆங்கிலப் பாட்டு வரி புரியவில்லையே. கேட்டுப் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. தெலுங்கு தெரியாமலே நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தியாகராஜர் கீர்த்தனை கேட்கிறோமே. இந்த ஆல்பத்தில் வரிக்காகக் கேட்க வேண்டியது ‘நோ ஒன் கேம்’ மட்டும்தான். அதன் பொருளை மேலே சொல்லிவிட்டேன்.

இது ஹெவி மெட்டலா?

ஹார்ட் ராக். ஹெவி மெட்டலுக்கு வழி போட்டவர்களில் இவர்களும் உண்டு. ஆனால் இதில் ப்ளூஸும் ஆட்டமும் இன்னும் இருக்கின்றன.

என்னிடம் உள்ள பதிப்பில் ‘டீமன்ஸ் ஐ’ இல்லை. ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’ இருக்கிறது. போலியா?

போலி இல்லை, அமெரிக்கப் பதிப்பு. இங்கிலாந்தில் 1971 தொடக்கத்தில் அது தனி சிங்கிளாக வந்து எட்டாம் இடம் வரை போனது, ஆல்பத்தில் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் ‘டீமன்ஸ் ஐ’யை எடுத்துவிட்டு அதை வைத்தார்கள். பாட்டாக அது இன்னும் வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘மேட் இன் ஜப்பான்’ தட்டில் கில்லனின் குரலும் பிளாக்மோரின் கிதாரும் ஒருவரை ஒருவர் திருப்பிச் சொல்லி விளையாடுவதும் அந்தப் பாட்டில்தான்.

எங்கள் வீடும் பழைய வீடுதான். எதிரொலி அதிகம். எங்கே வைத்துக் கேட்பது?

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முகப்பில் வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழவென்ற பூச்சுச் சுவர், உயர்ந்த கூரை மூன்றும் சேர்ந்து டிரம்ஸைக் குழம்பாக்கிவிடும். பெய்ஸ் ஒரு அடி அடித்தால் நமக்கு மூன்று கேட்கும். வளவில் மேலே வானம் திறந்திருப்பதால் எதிரொலி வெளியே போய்விடும். ஆனால் பேஸ் கிதாரும் கூடவே போய்விடும், குளோவர் காணாமல் போவார். நாங்கள் வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தில் ஒரு மூலையில் ஸ்பீக்கர்களை வைத்து, கீழே தடித்த ஜமக்காளம், பின்சுவரில் ஒரு பழைய மெத்தை என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். பேஸுக்கு அந்த மூலை உதவுகிறது. ஸ்பீக்கரை மரத்தூணில் சாய்க்காதீர்கள். மழைக்காலத்தில் வளவில் தண்ணீர் விழும் சத்தத்தோடு ‘ஃபூல்ஸ்’ ஆரம்பத்தைக் கேட்க முடியாது. அந்த மாதங்களில் ஹெட்போன்தான்.

காரைக்குடியில் இந்தத் தட்டு வாங்கக் கிடைக்குமா?

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தேடிப் பார்க்கலாம். அங்கே இசைத்தட்டுக் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்ச் சினிமாவும் பக்திப் பாடல்களும்தான். இடையே வெளிநாட்டுத் தட்டு ஒன்றிரண்டு தலைகாட்டும். வாங்குமுன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலாகப் படிந்த தூசி கழுவினால் போகும். நகத்தில் தட்டுப்படும் கீறல் போகாது. உறையில் ஐந்து முகங்களும் ஒரு தீக்கோளத்துக்குள் வால்நட்சத்திரம் மாதிரி பறக்கும், அதுதான் அடையாளம்.

டீப் பர்ப்பிள் கேட்டதே இல்லை. இதிலிருந்து ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். ‘மெஷின் ஹெட்’ முதலில், அப்புறம் ‘இன் ராக்’. இரண்டும் பழகியபிறகு இங்கே வாருங்கள். ஆனால் நீங்கள் ஏதாவது வாத்தியம் வாசிப்பவராக இருந்தால் என் பதில் வேறு. நேராக இதையே எடுங்கள். நல்ல பாட்டு, வாசிப்பவனின் கையை மறைத்துவிடும். நாம் பாட்டோடு போய்விடுவோம். இங்கே பாட்டு அங்கங்கே மெலிந்திருப்பதால் ஐந்து பேரும் என்ன செய்கிறார்கள் என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. எங்கள் கிதார் பையன் ‘மெஷின் ஹெட்’டிலிருந்து ரிஃப் கற்றுக்கொண்டான், இதிலிருந்து வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

உறைக்குள் பென்சில் குறி இருக்கிறதே, அது என்ன?

அப்பச்சி போட்டது. உள் காகித உறையில் ஏழு பாட்டின் பெயரையும் தன் கையால் எழுதி, பிடித்தவற்றுக்கு எதிரே ஒரு சின்ன டிக் போட்டிருக்கிறார். மொத்தம் நாலு. ‘ஃபயர்பால்’, ‘ஃபூல்ஸ்’, ‘நோ ஒன் கேம்’ மூன்றும் எனக்கு ஆச்சரியமில்லை. நாலாவது ‘எனிஒன்ஸ் டாட்டர்’. வேறு எதற்கும் இல்லாத அளவுக்கு அழுத்திப் போட்ட டிக். அவ்வளவு நுட்பமாகக் கேட்டவர் அந்தப் பாட்டுக்கு ஏன் போட்டார் என்று ரொம்ப நாள் யோசித்தேன். அவர் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. போன மாதம் தட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஆத்தாவிடம் கேட்டேன்.

“அது ஒண்ணுக்குத்தான் நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்” என்றார்.